எண்டர் பிரித்த படை

சாரணர் விளையாட்டுக்குள் கதைப் புத்தகம் நுழைவது புதிதல்ல. தட்டில் பரப்பிய பொருள்களை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, துணியால் மூடியதும் நினைவிலிருந்து எழுதும் ஆட்டத்துக்குக் 'கிம் ஆட்டம்' என்று பெயர். கிப்ளிங் 1901-இல் வெளியிட்ட 'கிம்' நாவலிலிருந்து, சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் எடுத்துக்கொண்டது அது. சாரணரில் இளையவர்களுக்காக 1916-இல் தொடங்கிய குருளையர் பிரிவின் உலகமே கிப்ளிங்கின் காட்டுக் கதைகள்தான். அறிவியல் புனைகதைக்கும் இங்கே இடம் இருந்திருக்கிறது. வியாழனின் துணைக்கோளான கானிமீடில் குடியேறும் சாரணச் சிறுவனைப் பற்றி ராபர்ட் ஹைன்லைன் எழுதிய கதையை, அமெரிக்கச் சாரணர்களின் 'பாய்ஸ் லைஃப்' இதழ் 1950-இல் தொடராக வெளியிட்டது. ஆர்சன் ஸ்காட் கார்டின் 'எண்டர்ஸ் கேம்' (1985) நாவலும் அந்த வரிசையில் வரத் தகுந்ததே.

அந்த நாவலில், விண்வெளிப் பள்ளி ஒன்றில் சிறுவர் படைகள் எடையற்ற கூடத்தில் மிதந்தபடி மோதுகின்றன. படிப்பவர் பலரும் வியப்பது, அவற்றில் ஒரு படையின் தளபதியான சிறுவன் எண்டரின் மேதைமையை: மேல் கீழ் இல்லாத அந்த இடத்தில், எதிரியின் வாசலையே கீழ்த்திசை என்று வைத்துக்கொண்டு களத்தைப் பார்க்கும் கண்ணை. ஆனால் மேதைமையை ஆட்டம் வைத்துக் கற்றுத்தர முடியாது. கற்றுத்தரக்கூடிய செயல் ஒன்று அதே கதையில் அடக்கமாக நிற்கிறது. மற்ற தளபதிகள் தங்கள் 40 பேரைப் பத்துப் பத்தாக நான்கு குழுக்களாக வைத்திருந்தபோது, எண்டர் எட்டெட்டாக ஐந்து குழுக்கள் அமைத்தான். ஒவ்வொரு குழுவும் தேவைப்பட்டால் இரண்டாகப் பிரிந்து இயங்கும். குழுத்தலைவன் எண்டரின் சொல்லுக்குக் காத்திராமல் அந்தக் கணத்திலேயே முடிவெடுக்கலாம். அவன் வெற்றிகளில் பெரும்பங்கு, தன் அதிகாரத்தை அவன் இப்படிப் பங்கிட்டதிலிருந்தே வருகிறது என்பது என் வாசிப்பு.

இது சாரணர்களுக்கு அந்நியமான பாடமும் அல்ல. 1907-இல் பிரவுன்சீ தீவில் நடந்த முதல் முகாமிலேயே பேடன் பவல் சிறுவர்களை ஓநாய், காக்கை, காளை, கர்லூ பறவை என நான்கு அணிகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறுவனைத் தலைவனாக்கினார். ஆயினும் கொடியைக் கைப்பற்றும் ஆட்டம் என்று வந்துவிட்டால், உரத்த குரல் உள்ள ஒருவன் கத்த, மற்றவர்கள் ஓடுவதில் முடிந்துவிடுகிறது. விதிகளைக் கொஞ்சம் மாற்றினால் போதும். ஒரு பக்கத்துக்கு 24 பேர் என்றால், ஆறு பேர் கொண்ட நான்கு அணிகள். தலைவர்கள் ஆட்டத்துக்கு முன் ஐந்து நிமிடம் மட்டும் கூடிப் பேசலாம்; பிறகு கத்தக் கூடாது, செய்தி வேண்டுமானால் ஆள் ஓட வேண்டும். ஒருவர் கண்ணுக்கு முழுக் களமும் தெரியாதபடி மரங்களும் மேடுகளும் உள்ள இடமாக இருக்க வேண்டும். பாதி ஆட்டத்தில் நடுவர் ஓர் அணித்தலைவனை வெளியே உட்கார வைப்பார். அந்த அணி தடுமாறினால், துணைத்தலைவனுக்கு எதையும் சொல்லாமலே தலைவன் ஓடியிருக்கிறான் என்று பொருள். அது தெரியவரும்போது போவது ஒரு கொடி மட்டுமே. மலையேற்றத்தில் தெரியவந்தால் விலை வேறு.

கற்பனைக் கதை எப்படிச் சான்றாகும் என்று கேட்கலாம். ஆகாதுதான். கதை தருவது ஓர் அனுமானம். மைதானத்தில் அதைச் சோதித்து, பொய்த்தால் விட்டுவிடலாம். இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: அது சிறுவரைப் போருக்குப் பழக்கும் கதை; பயிற்சி ஆட்டம் என்று நம்பவைத்தே எண்டரைக் கொண்டு பெரியவர்கள் ஓர் இனத்தை அழிக்கிறார்கள். உண்மை. அதனாலேயே அந்தக் கதை சாரண ஆசிரியர் கையில் இருக்க வேண்டும் என்பேன். ஆட்டத்தின் நோக்கத்தைக் கடைசிவரை மறைப்பவர், பிள்ளைகளைக் கருவியாக்கிவிடுகிறார் என்று அது காட்டுகிறது. தலைவனை ஏன் வெளியேற்றினோம் என்பதை, ஆட்டம் முடிந்து வியர்வை காயும் முன்பே வட்டமாக உட்காரவைத்துச் சொல்லிவிட வேண்டும். முதலில் பேசவேண்டியது வென்ற அணியின் தலைவன் அல்ல. திடீரென்று பொறுப்பு வந்து விழுந்த அந்தத் துணைத்தலைவன். அவனுக்கு என்ன தெரிந்திருந்தது, என்ன தெரியாமல் போனது என்று அவனே சொல்லட்டும்.