கருவியின் குறையா, கையாள்வோர் பிழையா?

மனிதனின் உழைப்பைக் குறைக்கவே கருவிகள் தோன்றின. ஆயினும், கருவியைக் கையாளுவதே பெரும் உழைப்பாகிவிடுவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். கோடிக்கணக்கில் செலவிட்டுக் கருவிகளையும் கணிப்பொறி நிரல்களையும் உருவாக்கும் நிறுவனங்கள், கையாளும் எளிமைக்கு மட்டும் கடைசி இடம் தருவது ஏன்? இவ்வினாவிற்கு விடை காண இரு நிகழ்ச்சிகள் துணைபுரியும்.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் சில, நல்லபடியாகத் தரையிறங்கிய பின்னர் ஓடுபாதையிலேயே சக்கரம் மடங்கி விழுந்தன. 'விமானியின் பிழை' என்றே அவை கருதப்பட்டன. 1943-இல் இதனை ஆராய்ந்த உளவியல் அறிஞர் அல்போன்ஸ் சப்பானிஸ், சக்கரத்தை மடக்கும் விசையும், இறக்கையின் மடிப்புத் தட்டுகளை இயக்கும் விசையும் அருகருகே, ஒன்றுபோலவே அமைந்திருக்கக் கண்டார். களைத்த விமானி ஒன்றை நாடி மற்றொன்றை இழுத்துவிட்டார். முதல் விசையின் முனையில் சிறு ரப்பர்ச் சக்கரத்தையும், மற்றதன் முனையில் ஆப்பு வடிவத் துண்டையும் பொருத்தியதும் அத்தொல்லை ஏறத்தாழ ஒழிந்தது. விமானிகள் மாறவில்லை, விசை மட்டுமே மாறிற்று.

அடுத்தது 2020 ஆகஸ்டில் நிகழ்ந்தது. ரெவ்லான் நிறுவனத்திற்குக் கடன் கொடுத்தோருக்கு, சிட்டி வங்கி ஏறத்தாழ 78 இலட்சம் டாலர் வட்டியை மட்டும் அனுப்ப முனைந்தது. அசல் தொகை வெளியே செல்லாமல் நிறுத்தக் கணிப்பொறித் திரையில் மூன்று கட்டங்களைக் குறிக்க வேண்டும். ஆனால் ஒன்று மட்டுமே குறிக்கப்பட்டது. மூவர் பார்த்து ஒப்புதல் அளித்தும் பிழை புலப்படவில்லை. வங்கியின் சொந்தப் பணம் ஏறத்தாழ 90 கோடி டாலர் வெளியேறிற்று! அதில் சுமார் 50 கோடி டாலருக்காக வங்கி நீதிமன்றம் ஏறியது. 2021-இல் தோற்று, 2022-இல் மேல்முறையீட்டில்தான் வென்றது.

இத்தகைய குறைகள் முன்கூட்டியே களையப்படாததற்குக் காரணங்கள் உள. முதலாவது, அலுவலகங்களுக்கான நிரலை விலைபேசி வாங்குபவர் மேலதிகாரி. நாள் முழுதும் அதனோடு மல்லாடுபவர் எழுத்தர். வாங்குபவர் வசதிகளை எண்ணிப் பார்க்கிறார். எளிமையை எண்ணிக் காட்ட இயலாது. இரண்டாவது, படைத்தவருக்குத் தம் படைப்பு எளிதாகவே தோன்றும். தம் வீட்டில் இருளிலும் நடப்பவர், புதிதாய் வருபவர் தடுக்கி விழுவதை எண்ணிப் பார்ப்பதில்லை.

மூன்றாவதே தலையாயது. பயன்படுத்துவோரை அழைத்துவந்து சோதிக்கும் செலவு நிறுவனத்தின் கணக்கேட்டில் உடனே ஏறுகிறது. சோதிக்காததால் வரும் இழப்போ ஆயிரம் பேரின் வீணான நேரமாகச் சிதறிப் போகிறது. பெரும் இழப்பு நேர்ந்தாலும் 'கையாண்டவர் பிழை' என்று பெயர் பெறுகிறது. தன் கணக்கில் வாராத நட்டத்தைத் தடுக்க எந்த வணிகர் பணம் செலவிடுவார்?

நாளை நம்மில் சிலர் கருவிகளை ஆக்குவோம், சிலர் அலுவலகங்களுக்காக வாங்குவோம், எல்லோரும் பயன்படுத்துவோம். ஒரே இடத்தில் பலர் இடறினால், இடறியவரைக் கடியாமல் அவ்விடத்தைச் செப்பனிடக் கேட்போமாக. வாங்குவோர் அவ்வாறு கேட்கத் தொடங்கும் நாளில்தான் எளிமையும் விலைபெறும்.