ஷிப்டை எப்போது அழுத்துவது?

கணினியில் படம் வரையப் பழகுபவர்களிடம் ஒரு புகார் தவறாமல் இருக்கும். "நேற்று ஷிப்ட் விசையை அழுத்தினேன், சதுரம் வந்தது. இன்று அதையே அழுத்தினால் நீள்சதுரம் வருகிறது. கணினி கெட்டுவிட்டதா?"

கணினி கெடவில்லை. போட்டோஷாப்பில் ஒரே ஷிப்டுக்கு இரண்டு வேலைகள் உண்டு. எந்த வேலை என்பதை, மவுஸை அழுத்துவதற்கு முன்பா பின்பா என்ற வரிசைதான் முடிவு செய்கிறது.

கோலா தெர்லாவில் ஒரு பிள்ளை, வீட்டு வாசலிலிருந்து எடுத்த தேயிலை மலையின் படத்தைத் திறந்து, இடப்பக்கச் சரிவை மட்டும் செவ்வகக் கருவியால் தேர்வு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். வலப்பக்கச் சரிவும் வேண்டும். வெறுமனே மவுஸை அழுத்தினால் முதல் தேர்வு மறைந்துவிடும். பார்த்துப் பார்த்து வளைத்த தேர்வென்றால் அழுகையே வரும்! (பதற வேண்டாம், கண்ட்ரோலும் இசட்டும் சேர்த்து அழுத்தினால் திரும்பி வரும்.) ஷிப்டை முதலில் அழுத்தி, பிறகு மவுஸை அழுத்தி இழுத்தால் புதிய பகுதி பழையதோடு சேரும். அப்போது மவுஸ் குறியின் அருகே சிறிய கூட்டல் குறி தெரியும். பலர் அதைக் கவனிப்பதே இல்லை.

மவுஸை அழுத்தி இழுக்கத் தொடங்கிய பின் ஷிப்டை அழுத்தினால், செவ்வகம் சதுரமாகும். ஏற்கெனவே தேர்வு எதுவும் இல்லாவிட்டால், சேர்ப்பதற்கு ஒன்றுமில்லை; ஆகவே முதலிலேயே அழுத்தினாலும் சதுரம்தான். நேற்றைய சதுரத்தின் இரகசியம் இதுவே.

சதுரமாகவும் வேண்டும், பழையதோடு சேரவும் வேண்டும் என்றால்? ஷிப்டை அழுத்தி, மவுஸை இழுக்கத் தொடங்கி, மவுஸை விடாமல் ஷிப்டை மட்டும் விட்டு மீண்டும் அழுத்த வேண்டும். முடிக்கும்போது முதலில் மவுஸை விட வேண்டும், பிறகே விசையை. முந்தி விசையை விட்டால் சதுரம் கோணலாகிவிடும். தேயிலை நிரையின் இருபுறமும் இரண்டு பேர் பிடித்துச் செல்லும் கொழுந்து வெட்டும் இயந்திரத்தைக் கேமரன் மலையில் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒருவர் முந்தினால் வெட்டு கோணல்.

ஆல்ட் விசையும் இப்படித்தான். முன்பு அழுத்தினால் தேர்விலிருந்து கழிக்கும். பின்பு அழுத்தினால் நடுப்புள்ளியிலிருந்து விரியும். இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளில் இவ்விரு வேலைகளுக்கும் கண்ட்ரோல் விசை. மெக்கிண்டாஷில் ஆல்டின் இடத்தில் ஆப்ஷன்.

இடக்கை விசையில், வலக்கை வரைவதில் என்ற ஏற்பாடு புதிதல்ல. 1963இல் ஐவன் சதர்லண்ட் உருவாக்கிய 'ஸ்கெட்ச்பேட்' வரைகலை நிரலிலேயே ஒரு கையில் ஒளிப்பேனா, மறுகைக்குப் பொத்தான்கள். பழகிய கை மறப்பதில்லை என்பதால்தான், 2018 அக்டோபரில் வந்த போட்டோஷாப் பலரை எரிச்சலூட்டியது. அதுவரை படத்தைப் பெரிதாக்கும்போது உருவம் கெடாமலிருக்க ஷிப்டைப் பிடிக்க வேண்டும். அதன்பின் ஷிப்டைப் பிடித்தால்தான் உருவம் கெடும். பழைய முறையை விரும்புவோர் மென்பொருளின் அமைப்புகளில் அதை மாற்றிக்கொள்ளலாம்.