‘டியூ டு’வா, ‘ஓயிங் டு’வா?

கப்பலூர்த் தொழிற்பேட்டைக்கு நம் இளைஞர் எழுதும் ஆங்கில விண்ணப்பங்களைக் காண்கிறோம். காரணம் வருமிடமெல்லாம் ‘டியூ டு’தான். கடன் தவணையையும் ‘டியூ’ என்பதால் நாவிற்குப் பழகிவிட்டது போலும்! ‘ஓயிங் டு’வும் கடனில் பிறந்த சொல்லே.

பழைய விதி தமிழருக்கு எளிது. ‘மழையால் நேர்ந்த தாமதம்’ எனப் பெயரைத் தழுவினால் ‘டிலே டியூ டு ரெயின்’. ‘மழையால் பேருந்து தாமதித்தது’ என வினையைத் தழுவினால் ‘ஓயிங் டு ரெயின், த பஸ் வாஸ் லேட்’. ஆங்கில நடைநூலார் ஃபௌலர் 1926இல் வற்புறுத்திய இவ்வேறுபாட்டை இன்றைய அகராதிகள் பெரிதும் தளர்த்திவிட்டன. ஆகவே இதற்காக எவரையும் கடியோம்.

ஆனால் ‘டியூ டு ஐ வாஸ் இல்’ என்பது வேலை தருவோர் கண்ணை உறுத்தும். இவ்விரண்டின் பின்னும் பெயர்ச்சொல்லே வரவேண்டும்: ‘டியூ டு இல்னஸ்’. எழுவாயும் வினையுமாக எழுத விரும்பினால் ‘பிகாஸ்’ இருக்கிறதே!