நோட்டுக்கு முன்பே வந்த விவசாயத் துறை

போடிநாயக்கனூரில் ஏலக்காய் விற்ற பணத்தை எண்ணும்போது நூறு ரூபாய் நோட்டு ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். பின்புறம் பதினைந்து மொழிகள் வரிசையாக இருக்கும். மேலிருந்து 13-ஆவது வரியில், தமிழில் 'நூறு ரூபாய்'.

அந்த நோட்டை வெளியிடும் ரிசர்வ் வங்கி 1935 ஏப்ரல் 1-ஆம் தேதி கல்கத்தாவில் தொடங்கியது. அப்போது அது அரசு வங்கி அல்ல, தனியார் பங்குதாரர்களின் வங்கி. 1937-இல் தலைமையகம் பம்பாய்க்குப் போனது. 1949 ஜனவரி 1-இல் நாட்டுடைமை ஆனது.

கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் நினைவில் வைக்க வேண்டியது இன்னொன்று. ரிசர்வ் வங்கி தன் முதல் நோட்டை, ஆறாம் ஜார்ஜ் மன்னர் படம் போட்ட ஐந்து ரூபாயை, வெளியிட்டது 1938 ஜனவரியில்தான். விவசாயக் கடனுக்கான தனித் துறையோ வங்கி பிறந்தபோதே பிறந்துவிட்டது. அதைச் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். ஒரு மத்திய வங்கி உழவரைப் பற்றிக் கவலைப்பட்டது அந்நாளில் அபூர்வம், பெருமைப்பட வேண்டிய செய்தி.

கந்துவட்டியில் சிக்கிய கிராமங்களை மீட்கக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைப் பலப்படுத்த வேண்டும் என்று அந்தத் துறை வலியுறுத்தியது. பெரியாற்றுத் தண்ணீரில் நெல் நடுபவருக்கும், திராட்சைப் பந்தலுக்குக் கல்தூணும் கம்பியும் வாங்குபவருக்கும் அந்தச் சங்கம்தான் பக்கத்துக் கதவு.

விவசாயக் கடனுக்கான அந்தப் பொறுப்பு 1982 ஜூலை 12 முதல் நபார்டு வங்கியிடம் இருக்கிறது.