பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது... அப்புறம்?

ஒரு வியாழக்கிழமை இரவு. வானொலியில் நிகழ்ச்சியை முடித்துவிட்டு பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு வந்தபோது மணி பத்தைத் தாண்டியிருந்தது. கைப்பேசியில் அக்கா மகளின் வாட்ஸ்அப். “சித்தி, இப்ப வரலாமா?”

மலாயாப் பல்கலைக்கழகத்தில் முதலாமாண்டு மாணவி அவள். பொருளாதாரம் படிக்கிறாள். யுனிவர்சிட்டி எல்ஆர்டி நிலையத்திலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு நான்கே நிறுத்தம். கொஞ்ச நேரத்தில் வாசலில் நின்றாள். தோளில் பை, கையில் அழுக்குத் துணி மூட்டை. தோசை ஊற்றட்டுமா என்றால் வேண்டாம் என்றாள். மடிக்கணினியைத் திறந்து ஒரு பாரத்தைக் காட்டினாள். படிப்பிலிருந்து விலகுவதற்கான பாரம். பெயர், அடையாளக் கார்டு எண் எல்லாம் நிரப்பியாகிவிட்டது. கையெழுத்துதான் பாக்கி.

“அம்மாக்கிட்ட நீங்கதான் சொல்லணும் சித்தி.”

பேசுவதுதான் என் தொழில். அன்றைக்கு எனக்குப் பேச்சே வரவில்லை.

இதே பெண் எஸ்டிபிஎம் தேர்வில் 4.00 எடுத்தபோது கிள்ளானே அதிர்ந்ததுபோல் இருந்தது எங்களுக்கு. தெங்கு கிளானா சாலையில் அக்கா வேலை பார்க்கும் புடவைக் கடையில் எல்லாருக்கும் லட்டு. லோரி ஓட்டும் மாமா, பல்கலைக்கழகக் கடிதத்தை லேமினேட் செய்து சாமி மேடைக்குப் பக்கத்தில் வைத்தார். 2025 கியூஎஸ் உலகத் தரவரிசையில் 60ஆவது இடம் பிடித்த பல்கலைக்கழகமாயிற்றே! நானும் வாழ்த்துப் பாடல் போட்டேன். ஆனால் வகுப்பு தொடங்கி ஆறு வாரமாகியும் “எப்படிம்மா இருக்கே?” என்று அவளை உட்கார வைத்து நான் கேட்டதில்லை.

அவளுடைய ஒரு நாள்

அன்றிரவு கேட்டேன். விடியும்வரை சொன்னாள்.

அறைத்தோழி கிளந்தான்காரி. சுபோ தொழுகைக்கு எழும்போது விளக்கைப் போடாமல் கைப்பேசி வெளிச்சத்திலேயே எல்லாம் செய்வாளாம், இவள் தூக்கம் கெடக்கூடாது என்று. கிளந்தானிலிருந்து கெரோப்போக் வரும். இவள் கிள்ளானிலிருந்து முறுக்கு கொண்டுபோவாள். இரண்டும் ஒரே டப்பாவில். சாயங்காலம் இருவரும் தாசிக் வார்சிட்டி ஏரியைச் சுற்றி நடப்பார்கள்.

வளாகம் மேடும் பள்ளமுமாக இருக்கும். பேருந்தை விட்டால் ஓட வேண்டும். மழை பிடித்தால் நனைந்துகொண்டே விரிவுரை மண்டபத்தில் குளிர்சாதனத்துக்கு நேராக உட்கார வேண்டும். வாரச் செலவுக்கு மாமா கொடுப்பது 50 வெள்ளி. நாசி லெமாக் பொட்டலத்தில் பாதியைக் காலையில் சாப்பிட்டு மீதியை மதியத்துக்கு வைப்பதில் அவள் கெட்டிக்காரி.

இதெல்லாம் அவளுக்குக் கஷ்டமே இல்லை. கஷ்டம், இருபது பேர் உட்காரும் டுட்டோரியல் வகுப்பில்.

தமிழ்ப்பள்ளி, பிறகு மலாய் வழி இடைநிலைப்பள்ளி, ஆறாம் படிவம். இப்போது வாரத்துக்கு நாற்பது பக்கம் ஆங்கிலத்தில் படித்துவிட்டு வர வேண்டும். வார்த்தைக்கு ஓரத்தில் மலாயில் அர்த்தம் எழுதி, அதற்குப் பக்கத்தில் தமிழில் எழுதி, ஒரு பக்கத்தை முடிக்க அரை மணி நேரம். வகுப்பிலோ மற்றவர்கள் சரளமாகப் பேசுகிறார்கள். இவள் மனசுக்குள் ஒரு வாக்கியத்தைச் சரிபண்ணி முடிப்பதற்குள் பேச்சு வேறு இடத்துக்குப் போய்விடுகிறது.

“எல்லாருக்கும் எல்லாம் தெரிஞ்சிருக்கு சித்தி. எனக்கு மட்டும்தான் தெரியல. தப்பா எனக்கு எடம் குடுத்துட்டாங்களோன்னு இருக்கு.”

ஊடகக் கல்வி படித்த என் முதல் செமஸ்டர் நினைவுக்கு வந்தது. பதினான்கு வாரமும் கடைசி வரிசைதான். கேட்க நினைத்த கேள்வியை மனப்பாடம் செய்துகொண்டே இருப்பேன். மணி ஆகி எல்லாரும் எழுந்து போய்விடுவார்கள். இன்றைக்கு மைக் முன்னால் மூன்று மணி நேரம் பேசுகிறவள் நான். இதை அவளிடம் சொன்னேன். நம்பவில்லை.

யார் வாங்கிய புத்தகம்?

மறுநாள் எனக்கு மாலையில்தான் நிகழ்ச்சி. காலையில் அவளோடு வளாகத்துக்குப் போனேன். பல்கலைக்கழக நூலகத்தில் தமிழ் நூல்கள் இருப்பது அவளுக்குத் தெரியும். அந்தப் பக்கம் போனதில்லை. அங்கே நின்று, நான் எப்போதோ ஒரு நிகழ்ச்சிக்காகத் தேடிப் படித்த கதையைச் சொன்னேன்.

1949-இல் சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் தொடங்கியது. இந்திய இயலுக்கு ஒரு துறை வேண்டும் என்ற பேச்சு வந்தபோது, அதில் முதலிடம் சமஸ்கிருதத்துக்கா தமிழுக்கா என்று பெரிய விவாதம். தமிழுக்கே என்று குரல் கொடுத்தவர்களில் முன்னால் நின்றவர் ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி. ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று பெயர் வைத்து நிதி திரட்டினார். பல்கலைக்கழகத்தில் தமிழ் நூலகம் அமைக்கச் சாதாரண மக்கள் சிறுகச் சிறுகக் கொடுத்த காசு அது. 1956-இல் இந்திய இயல் துறை பிறந்தது. பிறகு அது கோலாலம்பூருக்கு வந்தது. தனிநாயகம் அடிகள் துறைக்குத் தலைமை தாங்கிய காலத்தில், 1966 ஏப்ரலில், முதல் உலகத் தமிழ் மாநாடு இதே கோலாலம்பூரில் நடந்தது.

எங்கள் பாட்டனார் காப்பார் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். அவர் அந்த நிதிக்கு ஒரு வெள்ளி கொடுத்தாரா என்பது எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. ஆனால் அவரைப் போன்றவர்கள் கொடுத்தார்கள். தங்கள் பிள்ளைகள் இந்த வாசலை மிதிப்பார்களா என்று தெரியாமலேயே கொடுத்தார்கள்.

“தப்பா எடம் குடுத்துட்டாங்கன்னு சொன்னியே, இந்த எடத்துக்கு அவங்க அப்பவே முன்பணம் கட்டிட்டாங்கம்மா” என்றேன்.

சினிமாவில் என்றால் இந்த இடத்தில் அவள் அழுதிருப்பாள். அவள் ஒரு புத்தகத்தின் தூசியைத் தட்டிவிட்டு, “அதுக்காக டுட்டோரியல் புரிஞ்சிடுமா சித்தி?” என்றாள்.

நியாயமான கேள்வி. பெருமை மட்டும் பாடம் சொல்லித் தராது. அதனால் ஒரே ஒரு காரியம் செய்யச் சொன்னேன். பாரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், மாணவர்களைச் சந்திக்க விரிவுரையாளர் ஒதுக்கியிருக்கும் நேரத்தில் போய், புரியாத ஒரு பக்கத்தைக் காட்டு. அவ்வளவுதான்.

நான்கு நாள் கழித்துப் போனாள். அவர் சிரித்துக்கொண்டே சொன்னாராம்: இந்த வாரம் இதே பக்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்த மூன்றாவது ஆள் நீ. மற்ற இருவரில் ஒருத்தி, வகுப்பில் சரளமாக ஆங்கிலம் பேசும் பெண்!

அந்தப் பாடத்தில் அவளுக்குக் கடைசியில் கிடைத்தது ‘பி’. பள்ளியில் ஒருநாளும் ‘பி’ வாங்காதவள். அதை அக்காவிடம் அவளே சொன்னாள். பாரம் இன்னும் மடிக்கணினியில்தான் இருக்கிறது, அழிக்கவில்லை என்கிறாள். இருக்கட்டும்.

பெற்றோர் கவனத்துக்கு

எல்லாப் பிள்ளைக்கும் இப்படி முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். சிலருக்குப் படிப்பே ஒத்துவராமல் இருக்கலாம். சிலருக்கு மனம் உண்மையிலேயே தளர்ந்திருக்கலாம். அப்போது ஆலோசகரிடம் அழைத்துப் போங்கள், பல்கலைக்கழகங்களில் இருக்கிறார்கள். விலகுவதற்கு முன், ஒரு செமஸ்டரைத் தள்ளிவைக்க வழி உண்டா என்று கல்வி ஆலோசகரிடம் விசாரிக்கச் சொல்லுங்கள். வாங்கிய பிடிபிடிஎன் கடனை, படிப்பைப் பாதியில் விட்டாலும் திருப்பிக் கட்டத்தான் வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

தொலைபேசியில் நாம் வழக்கமாகக் கேட்பது இரண்டுதான்: “சாப்பிட்டியா? நல்லா படிக்கிறியா?” இரண்டுக்கும் “ம்” என்று ஒரே பதில் போதும். “இந்த வாரம் எது புரியல?” என்று கேட்டுப் பாருங்கள். புரியவில்லை என்று சொல்வது வெட்கமில்லை என்பதைப் பிள்ளை முதலில் வீட்டில்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் அவள் கிள்ளானுக்கு ரயில் ஏறும்போது மாமா அந்தக் கேள்வியைத்தான் அனுப்புகிறார். பொருளாதாரம் அவருக்குச் சுத்தமாகப் புரியாது. ஆனாலும் ஸ்டேஷனிலிருந்து வீடு வரும்வரை அவள் சொல்லச் சொல்ல, லோரியில் ரேடியோவை அணைத்துவிட்டுக் கேட்கிறாராம்.

என் நிகழ்ச்சி ஓடும் நேரம் அது. பரவாயில்லை.