கிரப் ரெஸ்க்யூ: இன்ஸ்டால் போடுவதற்கு முன்

டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள், இதில் அவசரப்பட்டால்தான் ஆபத்து. பழைய கணினியில் லினக்ஸ் கிளம்பவில்லை. கறுப்புத் திரையில் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று மட்டும் எழுதிவிட்டு நிற்கிறது. உடனே பலர் எல்லாவற்றையும் அழித்துப் புது இன்ஸ்டால் போடக் கிளம்பிவிடுவார்கள். வேண்டாம். அந்த எழுத்து திரையில் வந்திருக்கிறது என்றாலே ஹார்டு டிஸ்க் உயிரோடு இருக்கிறது, லினக்ஸை எழுப்பும் பூட்லோடரான கிரப்பின் முதல் பாதி ஓடிவிட்டது என்று பொருள். உங்கள் கோப்புகள் பெரும்பாலும் வைத்த இடத்திலேயே இருக்கும்.

‘முதல் பாதி’ என்றேன் அல்லவா, விஷயமே அதில்தான் இருக்கிறது. பழைய பயாஸ் கணினி டிஸ்கின் முதல் 512 பைட்டை மட்டும் படிக்கும். அதில் பார்ட்டிஷன் அட்டவணைக்கு 64, கடைசி அடையாளத்துக்கு 2 போக, பூட்லோடருக்கு மிஞ்சுவது 446 பைட். யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவில் தமிழ்க் குறி ஒன்றுக்கு 3 பைட் ஆகும். அந்த இடத்தில் 150 குறிகள்கூட அடங்காது. ஃபைல் சிஸ்டத்தைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு அங்கே நிரல் எழுத வழியில்லை. ஆகவே அது ஒரே வேலையைத்தான் செய்கிறது: தனக்குப் பின்னால், முதல் பார்ட்டிஷன் தொடங்கும் முன் உள்ள இடைவெளியில் எழுதிவைத்த ‘கோர்’ பகுதியை எழுப்பிவிடுகிறது. அந்தக் கோர்தான் பூட் டைரக்டரிக்குள் போய், மற்ற மாட்யூல்களையும் மெனுவையும் தேடி எடுக்கிறது. கோர், மாட்யூல்கள் என்ற இந்த இரண்டு பாதிகளும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். அவை ஒத்துப்போகாவிட்டால் கோளாறு வருகிறது.

2020 ஜூலைக் கடைசியில் நடந்தது நல்ல உதாரணம். கிரப்பில் ‘பூட்ஹோல்’ என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியாகி, முக்கிய லினக்ஸ் வெளியீட்டாளர்கள் அப்டேட் கொடுத்தார்கள். செக்யூர் பூட்டைக் காப்பாற்ற வந்த திருத்தம் அது. வேடிக்கை என்னவென்றால், செக்யூர் பூட்டே இல்லாத பழைய பயாஸ் கணினிகளும் இதில் படுத்துவிட்டன. ‘கிரப்_கால்லாக்’ என்ற சிம்பல் கிடைக்கவில்லை என்று திரையில் வந்தது. டெபியன், உபுண்டு இரண்டிலும் கிரப்பை எந்த டிஸ்கில் எழுதுவது என்பது இன்ஸ்டால் செய்த நாளிலேயே பதிவாகிவிடும். பிறகு டிஸ்கை மாற்றியிருந்தாலோ குளோன் எடுத்திருந்தாலோ அந்தப் பதிவு பொய்யாகிவிடும். அப்படிப்பட்ட கணினிகளில் அப்டேட்டால் மாட்யூல்கள் புதிதாகின, ஆனால் பூட் ஆகும் டிஸ்கில் கோர் பழையதாகவே கிடந்தது. புது மாட்யூல் கேட்ட ஃபங்ஷன் பழைய கோரிடம் இல்லை.

பழுது பார்க்கும் முன் பயாஸுக்குள் போய் கடிகாரத்தைப் பாருங்கள். பல வருடம் பின்னால் போயிருந்தால் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கும். பூட் வரிசையும் கலைந்து, கணினி வேறு டிஸ்கைத் தட்டிக்கொண்டிருக்கும். பேட்டரியை மாற்றி, வரிசையைச் சரிசெய்தால் கதை அங்கேயே முடிந்துவிடலாம்.

முடியவில்லையா? லைவ் பென் டிரைவில் கிளப்புங்கள். ‘எல்எஸ்பிஎல்கே’ கொடுத்து, அளவைப் பார்த்து உங்கள் டிஸ்கை அடையாளம் காணுங்கள். பென் டிரைவே ‘எஸ்டிஏ’ என்ற பெயரைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். ரூட் பார்ட்டிஷனை மவுண்ட் செய்து, பூட் தனிப் பார்ட்டிஷனாக இருந்தால் அதையும் சேர்த்து, டெவ், ப்ராக், சிஸ் மூன்றையும் பைண்ட் செய்து, ‘சிஎச்ரூட்’ மூலம் உள்ளே போங்கள். அங்கே ‘கிரப்-இன்ஸ்டால்’, பிறகு ‘அப்டேட்-கிரப்’. கிரப்-இன்ஸ்டாலுக்குக் கொடுக்க வேண்டியது எஸ்டிஏ போன்ற முழு டிஸ்கின் பெயர். எஸ்டிஏ1 போன்ற பார்ட்டிஷனின் பெயர் அல்ல. நிறையப் பேர் வழுக்கும் இடம் இது. கடைசியாக ‘டிபிகேஜி-ரீகன்ஃபிகர்’ கொடுத்து ‘கிரப்-பிசி’ பேக்கேஜில் சரியான டிஸ்கை டிக் செய்யுங்கள். இதை விட்டுவிட்டால் அடுத்த அப்டேட்டில் மறுபடி இதே கறுப்புத் திரை வரலாம்.

பென் டிரைவ் இல்லாமல், ரெஸ்க்யூ திரையிலேயே ‘ப்ரிஃபிக்ஸ்’ மாற்றி ‘நார்மல்’ மாட்யூலை ஏற்றும் வழியும் உண்டு. பார்ட்டிஷன் எண் மாறிய கோளாறுக்கு அது போதும். கோரும் மாட்யூலும் பொருந்தாத கோளாறுக்கு உதவாது, அதே பிழைதான் திரும்ப வரும்.

மிகப் பழைய டிஸ்கில் இன்னொரு சிக்கல். அப்போது முதல் பார்ட்டிஷன் 63-ஆம் செக்டரில் தொடங்கும். கோருக்குக் கிடைப்பது 62 செக்டர், அதாவது 31 கேபி. இப்போது 2048-இல் தொடங்குவதால் ஏறக்குறைய 1 எம்பி கிடைக்கிறது. ரெய்டு, எல்விஎம் போன்றவை சேர்ந்தால் கோர் பெருத்து, 31 கேபியில் அடங்காது என்று கிரப் மறுத்துவிடும். ‘ஃபோர்ஸ்’ போட்டுத் திணிக்கச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பேக்கப் எடுத்துவிட்டு, ஜிபார்ட்டெடில் பார்ட்டிஷனின் தொடக்கத்தை நகர்த்துவதே முறை.

கணினி நன்றாக ஓடும்போதே ஒரு மீட்புப் பென் டிரைவ் செய்து வைத்துக்கொள்ளுங்கள். செயலி 32 பிட் என்றால் டெபியன் 12 இன்ஸ்டாலரையே பத்திரப்படுத்துங்கள்: அதன் ரெஸ்க்யூ மோடில் கிரப்பை மறுபடி எழுதும் வசதி இருக்கிறது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-க்கு 32 பிட் பிசி இன்ஸ்டாலரே கிடையாது.