ஆய்வுக்கட்டுரையைத் திருத்தியமைத்தல்: கட்டமைப்பும் முடிவுரையும்

முன்னுரை

ஆய்வுக்கட்டுரையின் முதல் வரைவு முடிந்ததும் மேற்கொள்ளப்படும் திருத்தம் பல வேளைகளில் எழுத்துப்பிழை, சந்திப்பிழை, அடிக்குறிப்பு ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. கட்டுரையின் தகுதியை உறுதிசெய்பவை அதன் கட்டமைப்பும் முடிவுரையுமே. இவ்விரண்டையும் திருத்தும் முறையை ஓர் எடுத்துக்காட்டின்வழி விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் வகுத்த பத்துக் குற்றங்களும் பத்து அழகுகளும் இதற்குத் துணையாகக் கொள்ளப்படுகின்றன.

வரைவின் நிலை

ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில், 1942, 1943ஆம் ஆண்டுகளில், ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளத்திற்குச் சயாம்-பர்மா இரயில் பாதை அமைக்கப்பட்டது. அதற்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையினர் கொண்டு செல்லப்பட்டனர். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய மலேசியத் தமிழ் நாவல்கள் இவ்வரலாற்றைக் களமாகக் கொண்டவை.

இவ்விரு நாவல்களையும் ஒப்பிடும் மாணவர் வரைவொன்றைக் கற்பனையாகக் கொள்வோம். ஆசிரியர் வரலாறு, பாதையின் வரலாறு, இரு நாவல்களின் கதைச்சுருக்கம், தொழிலாளர் துயரம் என அது தொடர்கிறது. ‘இரு நாவல்களும் தமிழர்தம் துயரத்தை உருக்கமாகச் சித்திரிக்கின்றன’ என முடிகிறது. இக்கூற்றில் பிழையில்லை. எனினும், நாவல்களைப் படிக்குமுன்னரே இதனை எழுதியிருக்க இயலும். ஆய்வு செய்யாமலே கூறத்தக்கதை ஆய்வின் முடிவாகக் கொள்ள இயலாது.

முடிவிலிருந்து தொடங்குதல்

ஆதலின், திருத்தத்தை முடிவுரையிலிருந்து தொடங்குதல் நன்று. கட்டுரை எவ்வினாவிற்கு விடை தேடுகிறது என்பதை முதலில் ஒரே தொடரில் எழுதுதல் வேண்டும். ‘இவ்வவலத்தை ஒவ்வொரு நாவலும் யாருடைய பார்வையில் கூறுகிறது? அப்பார்வையால் வரலாற்றின் எப்பகுதி முன்னிற்கிறது, எப்பகுதி மறைகிறது?’ என்பது அத்தகைய வினா. இதற்கான விடையை நாவல்களை ஊன்றிப் படித்த பின்னரே கூற இயலும். அவ்விடையே முடிவுரையின் கருவாகும்.

கட்டமைப்பைச் சீர்செய்தல்

அடுத்து, ஒவ்வொரு பத்தியின் கருத்தையும் ஓரத்தில் ஒரு தொடராகக் குறித்து, அத்தொடர்களை மட்டும் வரிசையாகப் படித்தல் வேண்டும். விடையை நோக்கிச் செல்லாத பத்தி ‘மற்றொன்று விரித்தல்’ ஆகும். முன்னர்ச் சொன்னதையே மீண்டும் சொல்லும் பத்தி ‘கூறியது கூறல்’ ஆகும். இவ்வகையில், பாதையின் வரலாறு ஒரு பத்தியாகச் சுருங்கும். கதைச்சுருக்கம் தேவையான இடங்களில் மட்டும் இடம்பெறும்.

நாவலுக்கொரு பகுதி என்னும் அமைப்பில் ஒப்பீடு நிகழாது. இரு தனிக்கட்டுரைகளே அருகருகே நிற்கும். கதைசொல்லியின் நிலை, தோட்டத்தில் எஞ்சிய குடும்பத்தினர், முகாம் வாழ்க்கை என ஒப்பீட்டுக் கூறுகளையே பகுதிகளாக்கி, ஒவ்வொன்றிலும் இரு நாவல்களையும் ஆராய்தல் வேண்டும். நன்னூலார் அழகுகளுள் ஒன்றாகக் கூறும் ‘முறையின் வைப்பு’ இதுவே.

முடிவுரையைத் திருத்துதல்

வலிமையாகத் தொடங்கிய கட்டுரை, பகுதிகளின் சுருக்கத்தை அடுக்கி முடியுமாயின் அது ‘சென்று தேய்ந்திறுதல்’ என்னும் குற்றத்திற்கு ஆளாகும். முடிவுரையின் முதல் பத்தியிலேயே விடை தெளிவாக இடம்பெறுதல் வேண்டும். அதனைத் தயங்கி மறைத்துக் கூறுதல் ‘குன்றக் கூறல்’. இரு நாவல்களை மட்டும் ஆராய்ந்துவிட்டு ‘மலேசியத் தமிழ் நாவல்கள் அனைத்தும்’ என்று முடித்தல் ‘மிகைபடக் கூறல்’.

நாவலில் காணப்படுவதை அப்படியே வரலாற்று உண்மையாக்குவதும் தவிர்க்கத்தக்கது. பிழைத்து வந்தோரின் வாய்மொழிச் சான்றுகளோடு ஒப்பிடாத நிலையில், அவ்வெல்லையை வெளிப்படையாகக் குறிப்பிடுதல் ஆய்வு நேர்மையாகும். அவ்வொப்பீட்டையே மேலாய்விற்கான பரிந்துரையாகவும் முன்வைக்கலாம். உடற்பகுதியில் ஆராயாத புதிய மேற்கோளுக்கு முடிவுரையில் இடமில்லை.

நிறைவுரை

எல்லாக் கட்டுரைகளும் ‘துயரத்தைச் சித்திரிக்கின்றன’ என்றே முடியுமாயின், ஒரு படைப்பு பதிவுசெய்ததையும் மற்றொன்று விட்டுவிட்டதையும் வேறுபடுத்தி அறிய வழியிராது. தோட்டத்தில் காத்திருந்தோரின் வாழ்வு போன்றவை கவனம் பெறாமலே போகும். ஆகவே, மாணவர் வரைவைப் படிக்கும் நெறியாளர் முதலில் முடிவுரையைப் படித்து, ‘இதனை ஆய்வுக்கு முன்னரே எழுதியிருக்க இயலுமா?’ என வினவுதல் பயனளிக்கும். ‘இயலும்’ என்பது விடையாயின், மொழிப்பிழைகளைக் களைவதற்கு முன் கட்டுரையை மீளக் கட்டமைப்பதே முறையாகும்.